நோய் திரும்புமோ என்ற பயம்: யாரை அதிகம் வாட்டும்?

சி ரூசா - மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து வீடு திரும்பும் பெண்களிடம் அக்கம்பக்கத்தார் வழக்கமாகச் சொல்வது, “அதான் நல்லாயிடுச்சே, இன்னும் என்ன கவலை?” என்பதுதான். ஆனால் பலருக்கு அதன் பிறகுதான் கவலையே தொடங்குகிறது. நோய் திரும்பி வருமோ, முற்றிவிடுமோ என்ற இந்தப் பயத்தை மருத்துவத் துறை இன்று தனியாக அளந்து பார்க்கிறது.

பயம் வெறும் கற்பனை அல்ல. ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகை மார்பகப் புற்று, 10, 15 ஆண்டுகள் கழித்தும் சிலருக்குத் திரும்புகிறது. 2007 முதல் 2011 வரை மலேசியாவில் நோய் கண்டறியப்பட்டவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் 66.8 விழுக்காடு, முதல் கட்டத்திலேயே கண்டறியப்பட்டவர்களுக்கு 87.5 விழுக்காடு.

அப்படியென்றால் நோய் முற்றிய பிறகு கண்டறியப்பட்டவர்தானே அதிகம் பயப்படுவார்? அப்படிச் சொல்ல முடியவில்லை. 130 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், நோயின் கட்டத்தை வைத்துப் பயத்தை உறுதியாகக் கணிக்க முடியவில்லை. தெளிவாகத் தெரிந்தது வயதுதான். இளம் வயதில் நோய் கண்டவர்களே அதிகம் பயப்படுகிறார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்க்கு, “எனக்கு ஏதாவது ஆனால் இவர்களை யார் பார்ப்பது?” என்ற கேள்வி சும்மா விடுமா?

அடுத்தது உடல் உபாதை. இது கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம். நோய் திரும்பாமலிருக்கச் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஹார்மோன் தடுப்பு மாத்திரை கொடுக்கப்படுகிறது. அதில் ஒரு வகை மூட்டு வலியை உண்டாக்கும். இடுப்பும் முட்டியும் வலிக்கும்போது, புற்று எலும்புக்குப் பரவிவிட்டதோ என்றுதான் மனம் முதலில் நினைக்கும். காப்பதற்குக் கொடுத்த மருந்தே பயத்தை வளர்க்கிறது. ரப்பர் தோட்டத்தில் வருடக்கணக்கில் பால் மரம் வெட்டி முட்டி தேய்ந்த பெண்ணுக்கு, எந்த வலி எதனால் என்று பிரித்துப் பார்ப்பது இன்னும் கடினம். மாத்திரை கொடுக்கும்போதே மூட்டு வலி வரும் என்று சொல்லிவிட்டால் பாதிப் பயம் குறையும்.

முன்பிருந்தே மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்கும் பயம் கூடுதல். காலம் போனால் தானாகப் போய்விடும் என்று விடுவதும் சரியல்ல; பலருக்கு அது ஆண்டுக்கணக்கில் அதே அளவில் நீடிக்கிறது. சிலர் தினமும் மார்பைத் தடவிப் பார்க்கிறார்கள். சிலரோ, என்ன சொல்வார்களோ என்று பயந்து மேமோகிராம் தேதியையே தவறவிடுகிறார்கள். இரண்டாவது வகையினரே ஆபத்தில் இருப்பவர்கள்.

பயத்தை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் கனடாவில் உருவானது. மொத்தம் 36 புள்ளி. 13-ஐ எட்டினால் கவனிக்க வேண்டும். 22-ஐ எட்டினால் உளவியல் உதவி தேவைப்படலாம். ஆனால் படிவம் கேட்பதைப் போல நம் பாட்டிகள் பேசுவதில்லை. “பயமா இருக்கு” என்று அவர்கள் சொல்வது குறைவு. “தூக்கம் வரல, நெஞ்சு படபடங்குது” என்பார்கள். கேட்பவர் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பயத்துக்கு வைத்தியம் உண்டு. 222 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து, 2017-இல் வெளியான ஆய்வில், ஐந்து அமர்வு உளவியல் பயிற்சி பெற்றவர்களின் பயம், உடல் தளர்வுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட அதிகம் குறைந்தது.

போர்ட்டிக்சன் மருத்துவமனை சி ரூசா வட்டாரத்திலேயே இருக்கிறது. புற்றுநோய் நிபுணரைப் பார்க்க சிரம்பானுக்கோ புத்ராஜெயாவுக்கோ போக வேண்டியிருந்தாலும், தூக்கமின்மையையும் பதற்றத்தையும் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிலேயே சொல்லலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. புதிய கட்டி தென்பட்டாலோ, புதிய வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.