ஈயக்குட்டையில் ஓர் ஏரி

என்னோடு படித்தவன் ஒருவன் தேனிலவுக்கு இத்தாலி போயிருந்தான். வாடகைக் காரில் கோமோ ஏரியைச் சுற்றிவந்து, பெல்லாஜியோ படித்துறையில் மனைவியோடு நின்று படம் அனுப்பினான். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "நம்ம எப்பங்க?" என்றாள். கார் தவணையை மனசுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு, "தைப்பிங் போவோமா? அங்கயும் ஏரி இருக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அப்பா அம்மா இருப்பது கமுந்திங்கில், தைப்பிங்குக்குப் பக்கத்தில். எங்கள் கல்யாணத்துக்கு அவர்கள் வரவில்லை.

அலோர் ஸ்டாரிலிருந்து மைவியில் சுமார் இரண்டு மணி நேரம். காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஏரிக்கரையில் நடந்தோம். மரங்கள் சாலைக்கு மேலே வளைந்து, அந்தப் பக்கம் தண்ணீரைத் தொடுகிற மாதிரி கிளையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. காதலர்கள் படமெடுக்கிற இடம். 1884இல் நட்டவை என்கிறார்கள். ஆங்கிலத்தில் மழைமரம் என்று அழகான பெயர், தமிழில் தூங்குமூஞ்சி. பொழுது சாய்ந்தால் இலையை மடக்கிக்கொள்ளும். சொந்த ஊர் தென் அமெரிக்கா. ஆக, இதுவும் நம்மைப் போல வந்து குடியேறியதுதான்.

கோமோவை பனியாறு தோண்டியது, 400 மீட்டருக்கு மேல் ஆழம். தைப்பிங் ஏரியைத் தோண்டியது மண்வெட்டி. இது ஈயக்குட்டை. 1840களில் லோங் ஜஃபார் காலத்தில் லாருட்டில் ஈயம் கிடைத்தது. தோண்ட வந்தவர்கள் சீனத் தொழிலாளிகள். தாது மண்ணைவிடக் கனம். ஓடுகிற தண்ணீரில் மண்ணைக் கொட்டினால் மணல் போய்விடும், தாது தங்கிவிடும். அதனால் ஈயம் எடுக்கிறவனுக்கு முதலில் வேண்டியது வாய்க்கால். 1861இல் முதல் லாருட் சண்டை மூண்டதே வாய்க்கால் தகராறில்தான். ஹாய் சான் கூட்டம் கிளியான் பாவில், கீ ஹின் கூட்டம் கிளியான் பாருவில். முன்னது இன்றைய தைப்பிங், பின்னது கமுந்திங். "உங்க ஊர்க்காரங்களத்தான் அடிச்சி வெரட்டியிருக்காங்க" என்றேன். "நல்லா வேணும்" என்றாள்.

அடுத்ததை அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். 1870களின் தொடக்கத்தில் வெடித்த மூன்றாவது சண்டைக்கு ஒரு காதல்தான் காரணம் என்று சொல்லப்படுகிறது. கீ ஹின் தலைவருக்கும், ஹாய் சான் தலைவர் சுங் கெங் குவீயின் மருமகன் மனைவிக்கும் உறவு. பிடிபட்டார்கள். சித்திரவதை செய்து, பன்றி அடைக்கிற கூடையில் போட்டுக் கட்டி, கைவிடப்பட்ட ஒரு ஈயக்குட்டையில் அமிழ்த்தினார்கள். எந்தக் குட்டை என்று எதிலும் நான் படித்ததில்லை. படிக்காததே நல்லது என்று அன்றைக்குத் தோன்றியது.

அந்தச் சண்டைதான் ஆங்கிலேயருக்குக் கதவைத் திறந்துவிட்டது. 1874 ஜனவரி 20, பங்கோர் ஒப்பந்தம். ஊருக்கு 'தைப்பிங்', நீடித்த அமைதி, என்று புதுப் பெயர். அடுத்து சிறைச்சாலை, அருங்காட்சியகம், 1880இல் கர்னல் வாக்கர் முன்னின்று அமைத்த இந்தத் தோட்டம். நிலத்தைத் தானமாகக் கொடுத்தவர் சுங் தை பின் என்று இணையத்தில் பல இடங்களில் இருக்கிறது. அவர் கெங் குவீயின் மகன், பிறந்தது 1879. ஒரு வயசுக் குழந்தை ஏரியைத் தானம் செய்ததாக ஆளாளுக்குக் காப்பியடித்துக்கொண்டிருக்கிறார்கள்! கூடைக் கதையை மட்டும் அந்தப் பக்கங்களில் காணோம்.

மூன்று மணிக்கெல்லாம் மழை. தைப்பிங்கில் இது செய்தியே இல்லை. இன்றைக்கு மழை வருமா வராதா என்று இந்த ஊர்ப் பெரியவர்கள் முன்பு பந்தயமே கட்டுவார்களாம். மழையோடு கோலா செபெத்தாங்குக்கு ஓட்டினேன். அதன் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1இல் தைப்பிங்கிலிருந்து இந்தத் துறைமுகத்துக்குத்தான் ஓடியது, சுமார் 13 கிலோமீட்டர். ஈயத்தைக் கப்பலேற்ற வேண்டுமே! அலையாத்திச் சேற்றில் தண்டவாளம் போட இலங்கையிலிருந்து பயனியர் படை வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி வேலைகளுக்கு யாழ்ப்பாணத்தார் பின்னால் வந்தார்கள். இன்றைக்குத் தண்டவாளமே இல்லை. பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. ரோமன், ஜாவி, சீனம், தமிழ். நம் எழுத்தின் மேல் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"எங்க தாத்தா லைன்ல வேல செஞ்சவரு, தெரியுமா?" என்றாள். கல்யாணமாகி ஒரு வருடத்தில் அவள் தன் வீட்டைப் பற்றி வாய் திறந்தது அப்போதுதான். தாத்தாவின் கேங், குவாட்டர்ஸ், ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு வந்து குளிர்ந்த கச்சான் தின்றது எல்லாம் சொன்னாள். அவளுக்கு இந்த ஏரியை ஏற்கெனவே தெரியும். இத்தனை நேரம் நான் அவளுக்கே அவள் ஊர்ச் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பும்போது நெடுஞ்சாலைக்குப் போகாமல் கமுந்திங் பக்கம் திருப்பச் சொன்னாள். அவள் சொன்ன சந்தில் மெதுவாக ஓட்டினேன். முன்வாசல் விளக்கு எரிந்தது. கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தினேன், எஞ்சினை அணைக்கவில்லை. வைப்பர் நாலைந்து தடவை போய் வந்தது. "அணைங்க" என்றாள்.