ரைபோஃபிளேவின் (உணவு நிறமி)

ரைபோஃபிளேவின்: வைட்டமின் பி2. உணவுக்கு மஞ்சள் நிறமேற்றவும் பயன்படுவது. நிறமி எண் 101. நீரில் கொஞ்சமே கரையும். கரைசலைப் புறஊதா ஒளியில் பிடித்தால் பச்சை கலந்த மஞ்சளாய் ஒளிரும். சூட்டைத் தாங்கும், வெயிலைத் தாங்காது.

1879-இல் வின்டர் பிளைத் பால்தெளிவிலிருந்து ஒரு மஞ்சள் பொருளைப் பிரித்தார். அது இதுவே என்பது பொதுக் கருத்து. தூய நிலையில் இருந்திராது என்போரும் உண்டு. ரிச்சர்ட் கூன் குழுவினர் 1933-இல் தூய்மையாகப் பிரித்தனர். 1935-இல் செயற்கையாக ஆக்கப்பட்டது.

தமிழகத்தில் இதன் வரலாறு குன்னூரில் தொடங்குகிறது. 1918-இல் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் பின்னர் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. 1935-இல் தலைமையேற்ற அய்க்ராய்டு, மறு ஆண்டே உடன் ஆய்வாளர் கிருஷ்ணனுடன் சேர்ந்து, பிள்ளைகளின் கடவாய்ப்புண்ணுக்கு பி2 குறைவே காரணம் என்று எழுதினார். பி6, இரும்புச்சத்துக் குறைவாலும் அப்புண் வரலாம் என்பதால், அக்கால நோயாளிகள் எல்லாருக்கும் இம்முடிவு பொருந்துமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல் 1937-இல் வெளியானது. பிற்காலத்தில் திருத்தி வந்த பதிப்புகளில் 100 கிராம் கம்புக்கு 0.25 மில்லிகிராம் ரைபோஃபிளேவின், தீட்டிய பச்சரிசிக்கு 0.06. கோவில்பட்டிப் பக்கம் கம்மங்கஞ்சி குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்கள் இனிக்கும். ஆய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது.

கோவில்பட்டியின் பருத்தி விளையும் கரிசல் மண்ணோடு இன்னொரு வகையிலும் ரைபோஃபிளேவினுக்கு உறவுண்டு. 1990-கள் முதல் தொழிற்சாலைகள் வேதிமுறையை விட்டு நொதித்தலுக்கு மாறின. அதற்குப் பயன்பட்ட ஆஷ்பியா காசிபியை என்ற பூஞ்சை, 1926-இல் பருத்தி நோய்க்காரணியாக விவரிக்கப்பட்டது. சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சி காயைக் குத்தும்போது இப்பூஞ்சை உள்ளே புகுந்து பஞ்சைக் கறைப்படுத்தும். வெள்ளாமைக்காரனுக்கு நட்டம் வைத்த கிருமி, ஆலைத் தொட்டியில் மஞ்சளைச் சுரக்கிறது. கருங்கண்ணிப் பருத்தி ஆய்வுக்குப் பேர்போன கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கியது; ஆனால் இப்பூஞ்சையின் தொழில்முறைப் பயன்பாடு உருவானது வேறிடத்தில். மரபணு மாற்றிய பாக்டீரியாவிலிருந்தும் இப்போது எடுக்கப்படுவதால் ‘இயற்கை நிறமி’ என்னும் அடைமொழி முழுதும் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது.

பாதுகாப்பு: உலக உணவு, சுகாதார அமைப்புகளின் கூட்டு வல்லுநர் குழு 1969-இல் உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் வரை ஏற்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2013-இல் மறு ஆய்வு செய்து, நடைமுறைப் பயன்பாட்டு அளவில் கவலைக்கு இடமில்லை என்றது. மிகுதி சிறுநீரில் மஞ்சளாய் வெளியேறும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டவர்கள் கண்டிருப்பார்கள். இந்தியாவில் உணவுக் கலப்படத் தடை விதிகளிலும், அவற்றின் இடத்துக்கு வந்த 2011 ஒழுங்குமுறைகளிலும் அனுமதிக்கப்பட்ட நிறமிகளுள் இது ஒன்று.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. பாகும் கடலையும் சேர்த்து அழுத்திய பரப்பில் இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் தேங்காய்த்துருவல் தூவுவது வழக்கம். அந்த மஞ்சளுக்கு ரைபோஃபிளேவினையும் சேர்க்கலாம். வெயில் படும் கண்ணாடிப் புட்டியில் வைத்தால் வெளுத்துவிடும் என்பதே குறை. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழக அரசு தடைசெய்த பிறகு, மிட்டாய் நிறங்கள் மீதான கண்காணிப்பு கூடியுள்ளது.