நீரில் மூழ்கிய கோபுரம்

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வெகுவாகக் குறையும் காலங்களில், பண்ணவாடித் துறையருகே பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் நீருக்கு மேல் தலைகாட்டும். ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளிப்படும். ஊரை விட்டு வெளியேறிய எளிய மக்களின் தியாகத்திற்கு அவை மௌன சாட்சிகள். அத்தியாகத்தின் பின்னே ஓர் உடன்படிக்கை உண்டு.

காவிரி குறித்துச் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1892-இல் முதன்முறையாக உடன்பட்டன. பின்னர் கண்ணம்பாடி அணையால் பிணக்கு மூண்டது; 1924 பிப்ரவரி 18-இல் செய்த ஒப்பந்தம் அதைத் தீர்த்தது. மைசூர் கிருஷ்ணராஜ சாகரத்தை நிறைவுசெய்யவும், சென்னை மேட்டூரில் ஏறத்தாழ 93.5 டி.எம்.சி. கொள்ளும் அணை கட்டவும் வழி பிறந்தது. 1934-இல் அணை நிறைவுற்றது. பிற்காலக் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களால் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் சுமார் 45,000 ஏக்கர் பாசனம் பெறுகிறது.

எனினும், ஆங்கில ஆட்சியின் நிழலில் சமமற்றோர் செய்த ஒப்பந்தம் இது என்ற மனக்குறை கன்னட நாட்டில் நீடித்தது. 50 ஆண்டுகள் கழித்து, 1974-இல், மறுஆய்வுக் காலம் வந்தபோது அக்குறை வழக்காக வளர்ந்தது.

ஐரோப்பாவைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பகைவராய் நின்ற ஜெர்மானியரும் டச்சுக்காரரும் 1958-இல் எல்லையோர நகராட்சிகளை இணைத்து ‘யூரேஜியோ’ என்ற அமைப்பைத் தொடங்கினர். தலைநகரங்களுக்குக் காத்திராமல் ஊர்கள் ஊர்களோடு பேசின. 1980-இல் மாட்ரிட் உடன்படிக்கை அம்முயற்சிகளுக்குச் சட்டத் துணை தந்தது. 1990-இல் ஐரோப்பிய சமூகம் ‘இன்டர்ரெக்’ திட்டத்தின் வழியே நிதியும் வழங்கியது.

அதே 1990-இல்தான் நம் நாட்டில் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. அதன் இடைக்கால ஆணையை அடுத்து, 1991 இறுதியில் கர்நாடகத்தில் தமிழர் வன்முறைக்கு ஆளாயினர். 2007-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்திற்கு 177.25 டி.எம்.சி. என வரையறுத்தது, மேலாண்மை ஆணையமும் அமைந்தது.

தீர்ப்புகள் நீரைப் பங்கிடலாம், நெஞ்சங்களை இணைப்பதில்லை. அதை உணர்ந்தே 2003-இல் இருமாநில உழவர்கள் ‘காவிரிக் குடும்பம்’ எனக் கூடினர். மற்றவரின் வயல்களைக் கண்டு, மற்றவரின் வறட்சியை அறிந்தனர். இருதரப்பும் ஏற்கும் பங்கீட்டை அவர்களால் எட்ட இயலவில்லை. ஆயினும் அயலாரின் முகத்தை நேரில் கண்டது சிறு பேறன்று.

யூதரும் சமாரியரும் உறவாடாத நாளில், யாக்கோபின் கிணற்றடியில் அமர்ந்து ஆண்டவர் ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். நீரைக் கேட்டதில்தான் உறவு பிறந்தது. மேட்டூர்க் கோபுரம் மீண்டும் வெளிப்படும் கோடையில், மேலே உள்ள உழவனும் அந்நேரம் வானத்தையே நோக்கி நிற்கிறான் என்பதை நாம் நினைவில் கொள்வோமா?