கோல் காவலரின் காலடியில் ஒரு நூற்றாண்டு விவாதம்



கோல் காவலரின் காலடியில் பந்து நிற்கிறது. எதிரணியின் தாக்குதல் ஆட்டக்காரர்கள் இருவர் அவரை நோக்கி ஓடி வருகின்றனர். அவரோ பந்தை நெடுந்தூரம் உதைக்காமல், பத்தடி தள்ளி நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரரிடம் மெதுவாகத் தட்டிக் கொடுக்கிறார். அந்தக் கணத்தில் அரங்கம் இரண்டாகப் பிரிகிறது. "தூக்கி அடி!" என்று ஒரு பாதி கத்துகிறது. "பொறுமை, பொறுமை" என்று மறுபாதி முணுமுணுக்கிறது. இங்கிலாந்தின் அரங்குகளில் மட்டுமா? பின்னிரவில் நம் நாட்டு மாமாக் கடைகளின் திரைகளுக்கு முன்பும் இதே வழக்குத்தான் நடைபெறுகிறது.

பின்களத்திலிருந்து சிறு சிறு பாஸ்களால் ஆட்டத்தைக் கட்டியெழுப்பும் இம்முறையைச் சிலர் 'இந்தக் காலத்து நாகரிகம்' என்று பழிக்கின்றனர். வேறு சிலர் இதுவே தூய காற்பந்து என்று போற்றுகின்றனர். தத்தம் கருத்தே இயல்பானது என்பது இரு தரப்பாரின் எண்ணம். வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. எது பாதுகாப்பு, எது ஆபத்து என்பதைக் காலந்தோறும் ஆட்ட விதிகளே தீர்மானித்து வந்துள்ளன. விதி மாறியது, பாதுகாப்பின் இலக்கணமும் மாறியது. ரசிகர்களின் உள்ளம் மட்டும் சற்றுப் பிந்தியே மாறியது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

கோல் காவலர் பந்தைக் கையால் தொடக்கூடிய இடம் பினால்டி கட்டத்திற்குள் மட்டுமே என்னும் கட்டுப்பாடு 1912-இல் தான் வந்தது. அதற்கு முன்னர், தம் அணியின் பாதித் திடல் முழுவதிலும் அவர் கையைப் பயன்படுத்தலாம். அடுத்த பெரிய மாற்றம் 1925-இல் நிகழ்ந்தது. அதுவரை தாக்குதல் ஆட்டக்காரருக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவர் இல்லையென்றால் ஆஃப்சைட். அவ்வாண்டு அது இருவராகக் குறைக்கப்பட்டது. விளைவு உடனே தெரிந்தது. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் 1924-25 பருவத்தில் 1,192 கோல்கள் அடிக்கப்பட்டன; அடுத்த பருவத்தில் அந்த எண்ணிக்கை 1,703 ஆக உயர்ந்தது.

கோல் மழையைத் தடுக்க வேண்டிய கட்டாயம் பிறந்தது. 1925-இல் அர்செனல் குழுவின் பொறுப்பை ஏற்ற ஹெர்பர்ட் சாப்மன், நடுத்திடலில் நின்று ஆட்டத்தை நெறிப்படுத்தி வந்த மைய ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து, இரு தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு நடுவே காவலுக்கு நிறுத்தினார். நேற்றுவரை பந்தைப் பகிர்ந்து ஆட்டத்தை ஆக்கியவர், இன்று எதிரியை மறித்துப் பந்தை வெளியேற்றும் காவல்காரர் ஆனார். 'தற்காப்பு ஆட்டக்காரரின் வேலை பந்தை அடித்து அப்புறப்படுத்துவதே' என்னும் நம்பிக்கை இங்கிலாந்தில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

அந்த நம்பிக்கைக்கு முதல் பேரிடி 25 நவம்பர் 1953 அன்று வெம்பிளி அரங்கில் விழுந்தது. அங்கேரி அணி இங்கிலாந்தை 6-3 என்று வென்றது. புஷ்காஷ், ஹிடெகுட்டி ஆகியோரின் பெயர்களையே பலரும் நினைவில் வைத்துள்ளனர். நான் அவர்களின் கோல் காவலர் கியூலா குரோசிச்சைக் குறிப்பிட விரும்புகிறேன். பினால்டி கட்டத்தை விட்டு வெளியே வந்து கூடுதல் தற்காப்பு ஆட்டக்காரர்போல் விளையாடியவர் அவர். பந்து கிடைத்ததும் கண்மூடித்தனமாக உதைக்காமல், அருகிலிருந்த சக ஆட்டக்காரருக்கு வீசித் தாக்குதலைத் தொடங்கி வைத்தார். ஆறு மாதம் கழித்து புடாபெஸ்டில் நடந்த மறு சந்திப்பில் இங்கிலாந்து 7-1 என்று மீண்டும் தோற்றது.

ஆயினும் இங்கிலாந்து வேறொரு பாடத்தையும் படித்துக்கொண்டிருந்தது. விமானப்படையில் கணக்கு அதிகாரியாக இருந்த சார்ல்ஸ் ரீப் என்பவர், 1950 முதல் திடலோரம் அமர்ந்து ஒவ்வொரு பாஸையும் குறித்து வந்தார். மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களிலிருந்தே ஏறக்குறைய 80 விழுக்காட்டுக் கோல்கள் பிறக்கின்றன என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அப்படியானால் பந்தை விரைவாக முன்னே அனுப்புவதே அறிவுடைமை என்று அவர் வாதிட்டார். எண்கள் பொய்யல்ல, முடிவில்தான் பிழை. ஏனெனில், ஆட்டத்தில் நிகழும் பந்து நகர்வுகளுள் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை மூன்று பாஸ்களுக்குள் முடிந்துவிடுபவையே. ஒரு பள்ளியில் 90 விழுக்காட்டு மாணவர் நடந்து வருகின்றனர். பரிசு பெற்றோருள் 80 விழுக்காட்டினர் நடந்து வருபவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'நடந்து வந்தால் பரிசு கிடைக்கும்' என்று சொல்வது தகுமா? உண்மையில் நடந்து வராதவர்களுக்கே பரிசு விகிதம் அதிகம் அல்லவா? இந்த எளிய கணக்கு நெடுநாள் கவனிக்கப்படாமல் போயிற்று.

நெடும் பந்து முறையின் உச்சம் விம்பிள்டன் குழு. 1977-இல் தான் அக்குழு லீக்கிற்குள் நுழைந்தது. 1986-இல் முதல் டிவிஷனை எட்டியது. 14 மே 1988 அன்று எஃப்.ஏ. கிண்ண இறுதியில் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தியது. அவர்களின் கோல் காவலர் டேவ் பெசன்ட், ஓங்கி உதைத்து எதிரணியின் எல்லைக்குள் பந்தை இறக்குவதில் வல்லவர். அன்றைய இறுதியாட்டத்தில் பினால்டி ஒன்றையும் அவர் தடுத்தார்.

எதிர்ப்புறம் நின்ற லிவர்பூலோ பொறுமைக்குப் பெயர் பெற்ற குழு. 1973-இல் யுகோஸ்லாவியாவின் ரெட் ஸ்டார் பெல்கிரேட் குழுவிடம் தோற்ற பிறகு, பின்களத்திலிருந்தே நிதானமாக ஆட்டத்தைக் கட்டும் முறைக்கு அக்குழு மாறியது. 1977, 1978, 1981, 1984 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கிண்ணமும் கைக்கு வந்தது. இங்கு ஒன்றை மறந்துவிடலாகாது. அந்தப் பொறுமைக்கு ஒரு காப்பீடு இருந்தது. நெருக்கடி வந்தால் பந்தைக் கோல் காவலருக்குத் திருப்பி அனுப்பலாம். அவர் கையால் எடுத்துக்கொள்வார். எதிரணியால் ஒன்றும் செய்ய இயலாது. நம் மலேசியாவின் 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் விளையாடியதும் அந்த விதியின் கீழ்தான். 1988-இல் மறைந்த அவர், கோல் காவலரின் கைகளைக் கட்டிப்போட்ட புதிய விதியைக் காணவே இல்லை.

அந்த விதிக்கு வழிவகுத்தது 1990 உலகக் கிண்ணப் போட்டி. இத்தாலியில் நடந்த 52 ஆட்டங்களில் 115 கோல்கள் மட்டுமே விழுந்தன. ஓர் ஆட்டத்திற்குச் சராசரி 2.21. உலகக் கிண்ண வரலாற்றில் அதுவரை அவ்வளவு குறைந்த சராசரி இருந்ததில்லை. கோல் காவலருக்குப் பந்தைத் திருப்பி அனுப்பி நேரத்தைக் கடத்தும் வழக்கம் பார்வையாளர்களைச் சலிப்படையச் செய்தது. 1992-இல் டென்மார்க் ஐரோப்பிய வெற்றியாளரானபோதும் இவ்வழக்கம் கைகொடுத்தது. அதே ஆண்டின் நடுப்பகுதியில் விதி மாறியது: சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் அனுப்பும் பந்தைக் கோல் காவலர் கையால் தொடலாகாது.

ஒரே நாளில் கோல் காவலர்களுக்குக் கால்கள் தேவைப்பட்டன. தொடக்கத்தில் பலர் திணறினர். பந்து வந்ததும் அரங்கின் கூரையை நோக்கி உதைத்தனர். 1991-92-இல் இங்கிலாந்தின் வெற்றியாளராக விளங்கிய லீட்ஸ் யுனைடெட், அடுத்த பருவத்தில் வெளித் திடலில் ஒரு லீக் ஆட்டத்தைக்கூட வெல்லாமல் 17ஆம் இடத்தில் முடித்தது. காரணங்கள் பலவாக இருக்கலாம். புதிய விதியும் அவற்றுள் ஒன்றாகப் பேசப்பட்டது.

நெதர்லாந்து வேறு விதமாகச் சிந்தித்தது. கோல் காவலரே முதல் தாக்குதல் ஆட்டக்காரர் என்பது யோஹான் குரொய்ஃபின் கொள்கை. 1995-இல் ஐரோப்பிய வெற்றியாளரான அயக்ஸ் குழுவில், எட்வின் வான் டெர் சார் இரு கால்களாலும் பந்தைப் பகிரும் பதினோராவது திடல் ஆட்டக்காரர்போல் விளங்கினார். குரொய்ஃபின் கொள்கையைப் பார்சிலோனாவில் பெப் குவார்டியோலா மேலும் வளர்த்தெடுத்தார். 10 டிசம்பர் 2011 அன்று ரியல் மட்ரிட் திடலில், ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே கோல் காவலர் விக்டர் வால்டெஸ் கொடுத்த பாஸ் எதிரணியிடம் சிக்கியது; பென்சிமா கோல் அடித்தார். எண்பதாயிரம் பேரின் ஆரவாரத்திற்கு நடுவே வால்டெஸ் அடுத்த பந்தையும் சிறு பாஸாகவே கொடுத்தார். அதற்கடுத்ததையும் அப்படியே. பார்சிலோனா 3-1 என்று வென்றது.

2016-இல் இவ்விவாதம் மென்செஸ்டர் சிட்டிக்கு வந்தது. குவார்டியோலா, ரசிகர்களின் அன்புக்குரிய கோல் காவலர் ஜோ ஹார்ட்டை இத்தாலியின் தொரினோவுக்குக் கடனாக அனுப்பிவிட்டுக் கிளோடியோ பிராவோவைக் கொண்டு வந்தார். அவ்வாண்டு அக்டோபரில், தம் பழைய குழுவான பார்சிலோனாவுக்கு எதிராகவே பிராவோ தவறான பாஸ் கொடுத்தார். பதறிப்போய்க் கட்டத்திற்கு வெளியே கையால் பந்தைத் தடுத்துச் சிவப்பு அட்டை பெற்றார். சிட்டி 4-0 என்று தோற்றது. 'நாங்கள் அப்போதே சொன்னோம்' என்றனர் எதிர்த்தரப்பினர். குவார்டியோலா முறையை மாற்றவில்லை, ஆளை மாற்றினார். 2017-இல் எடர்சன் வந்தார். அந்தப் பருவத்தில் சிட்டி 100 புள்ளிகளும் 106 கோல்களும் எடுத்து வெற்றியாளரானது. 2019-இல் விதியும் துணைக்கு வந்தது: கோல் உதையின்போது பந்து பினால்டி கட்டத்தைக் கடக்க வேண்டியதில்லை, உள்ளேயே சக ஆட்டக்காரர் பெற்றுக்கொள்ளலாம்.

அதன்பின் பெரிய குழுக்களின் பாதையில் சிறிய குழுக்களும் நடக்கத் தொடங்கின. இங்கேதான் விவாதம் சூடு பிடிக்கிறது. சவுத்ஹாம்டன் குழு 2023-24 பருவத்தில் ரசல் மார்ட்டின் பயிற்சியில் இம்முறையைக் கடைப்பிடித்துத் தொடர்ந்து 25 ஆட்டங்களில் தோல்வி காணாமல் இருந்தது. பிரிமியர் லீக்கிற்கும் உயர்ந்தது. உயர்ந்த பின்னர் அதே முறை அதே குழுவைக் கீழே தள்ளியது. 24 நவம்பர் 2024 அன்று லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தில், தம் கோலுக்கு அருகிலேயே பந்தைப் பறிகொடுத்து முதல் கோலை விட்டனர். பின்னர் 2-1 என்று முன்னேறினர். முடிவில் 3-2 என்று தோற்றனர். டிசம்பரில் மார்ட்டின் நீக்கப்பட்டார். பருவ முடிவில் குழுவின் கணக்கில் 12 புள்ளிகளே இருந்தன.

ரசிகர்களின் கோபத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 'எடர்சன் இல்லாமல் எடர்சனின் ஆட்டத்தை எப்படி ஆடுவது?' என்னும் அவர்களின் கேள்வி நியாயமானது. முறைக்குத் தகுந்த ஆட்டக்காரர் வேண்டும். அவர்களைத் தேடப் பணம் வேண்டும். பழகக் காலம் வேண்டும். மறுதரப்பினரின் வாதமும் நியாயமானதே. 'உயரமான, வலிமையான எதிரிகளிடம் நெடும் பந்தை அனுப்பினால் அது உடனே திரும்பி வரும்; நாள் முழுவதும் தற்காத்துக்கொண்டே இருப்பதா?' என்பது அவர்களின் கேள்வி.

இந்த இரு தரப்பினரின் கணக்கிலும் ஒரு சமனின்மை உள்ளது. அதுவே என்னைச் சிந்திக்க வைத்தது. கோல் காவலரின் சிறு பாஸ் பிழைத்தால், மூன்று விநாடியில் கோல் விழுகிறது. குற்றவாளியின் முகம் திரையில் மீண்டும் மீண்டும் காட்டப்படுகிறது. அவர் நாற்பது முறை நெடும் பந்து உதைத்து, இருபத்தைந்து முறை அது எதிரணிக்கே போய்ச் சேர்ந்தால் யாரும் அவரைக் குறை கூறுவதில்லை. அந்த இழப்புகள் நடுத்திடலில் கரைந்துவிடுகின்றன. பின்னர் விழும் கோலுக்கு வேறொருவர் பொறுப்பாளியாகிறார். கண்ணுக்குத் தெரியும் பிழைக்குத் தண்டனை. தெரியாத இழப்புக்கு மன்னிப்பு.

வகுப்பறையிலும் இதனைக் காண்கிறேன். புதிய சொற்களை முயன்று பார்க்கும் மாணவனின் கட்டுரையில் சிவப்பு மைக் கோடுகள் நிறைந்திருக்கும். தெரிந்த ஐந்து வாக்கியங்களையே திரும்பத் திரும்ப எழுதுபவனின் தாள் தூய்மையாக இருக்கும். கோடுகளை மட்டும் எண்ணினால் யார் சிறந்த மாணவன்? அதற்காகப் பிழைகளைக் கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது. அவன் எந்தப் படியில் நிற்கிறான், அடுத்த படிக்கு ஆயத்தமாக உள்ளானா என்று பார்ப்பதே ஆசிரியரின் கடமை. மார்ட்டினைக் குறை கூறுவதானால், முயன்றதற்காக அல்ல; படி மாறியதைக் கணக்கில் கொள்ளாததற்காகக் கூறலாம்.

விவாதம் முடிந்துவிடவில்லை. 2025-இல் எடர்சன் துருக்கிக்குச் சென்றார். அவர் இடத்தைப் பிடித்த ஜியான்லூயிஜி டொன்னாரும்மா, பாஸ் கொடுப்பதைவிடக் கோலைத் தடுப்பதில் பெயர் பெற்றவர். ஹார்ட்டை அனுப்பிய அதே குவார்டியோலாவின் குழுவில்தான் இது நிகழ்ந்தது! விதியும் ஓயவில்லை. 2025 முதல், கோல் காவலர் எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் வழங்கப்படுகிறது. 1912-இல் தொடங்கிய சுருக்கம் இன்றும் தொடர்கிறது.

ஆகவே, அடுத்த முறை கோல் காவலரின் காலடியில் பந்து நிற்கும்போது, 'தூக்கி அடி' என்று குரல் கொடுக்கும் முன்னர் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம்: அப்படித் தூக்கி அடித்த பந்து யாரிடம் போய்ச் சேரும்? 'பொறுமை' என்பவரும் ஒன்றை எண்ணலாம்: அந்தப் பொறுமைக்கு இவரின் கால்கள் பழகியுள்ளனவா? இவ்விரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்பவரே ஆட்டத்தை முழுமையாகக் காண்பவர் என்பது என் தாழ்மையான கருத்து.