கல்கத்தாவின் கீழ்த்திசை நீர்நிலம்

ஒரு நிலத்தை அழிக்க எண்ணுவோர் முதலில் அதன் பெயரை அழிப்பர். ஊரார் நாவில் ஏரியென்றும் கழியென்றும் வழங்கியது, ஏட்டில் 'பயனற்ற நிலம்' என்று எழுதப்பட்டுவிடும். பின்னர் அதை மண்ணிட்டு மூடுவது எவர் கண்ணுக்கும் குற்றமாகத் தோன்றுவதில்லை. பண்டைய அரபுப் புவிநூலாரோ, கீழ் இராக்கின் சேற்று நிலப்பரப்பை 'அல்-பதாயிஹ்' எனத் தனிப் பெயரிட்டு வழங்கி, அதன் நாணற் காடுகளையும் மீன் வளத்தையும் ஒரு நாட்டைப் பற்றி எழுதுவது போலவே எழுதிவைத்தனர். நீர்நிலத்தை நாடாகக் காணும் அப்பார்வை நம் காலத்தில் வங்கத்தில் எவ்வாறு மீண்டும் உயிர்பெற்றது என்பதை ஈண்டு காண்போம்.

கல்கத்தாவுக்கு மேற்கே ஹூக்ளி நதி ஓடுகிறது. ஆயினும் நகரின் தரை கிழக்கு நோக்கியே சரிந்திருப்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கழிவுநீர்க் கால்வாய்கள் கிழக்குத் திசையில் வெட்டப்பட்டன. அந்நீரை ஏற்றுக் கடலுக்குக் கொண்டுசென்றது வித்யாதரி ஆறு. வண்டல் படிந்து படிந்து அவ்வாறு தூர்ந்தது. 1928இல் அது இறந்துபட்டதென அறிவிக்கப்பட்டது. கடலின் ஏற்றவற்றம் நின்றதும் உப்பேரிகளின் மீன்பிடித் தொழிலும் நலிந்தது. 1930ஆம் ஆண்டையொட்டி, அவ்வேரிகளுள் ஒன்றில் நகரின் கழிவுநீரையே பாய்ச்சி நன்னீர் மீன் வளர்க்கும் முயற்சி தொடங்கிற்று. மீன் செழித்தது, அண்டை அயலாரும் அவ்வழியைப் பின்பற்றினர்.

இவ்விந்தையின் உட்பொருள் எளியது. 'பேரி' எனப்படும் ஆழமற்ற குளங்களில் கழிவுநீர் பரந்து நிற்கிறது. வெயில் அடிவரை இறங்குகிறது. பாசி தழைத்துப் பிராணவாயுவை வெளியிடுகிறது. நோய்க் கிருமிகள் மாய்கின்றன. பாசியையும் நுண்ணுயிர்களையும் உண்டு ரோகு, கட்லா முதலிய மீன்கள் வளர்கின்றன. கரையோரம் வளர்க்கும் ஆகாயத்தாமரை அலையரிப்பைத் தடுப்பதோடு நீரிலுள்ள நஞ்சையும் ஈர்த்துக்கொள்கிறது. குளத்தினின்று வெளியேறும் நீரால் நெல் விளைகிறது; தாபா என்னுமிடத்தில் நகரக் குப்பை மக்கிய மண்ணில் காய்கறி விளைகிறது. பெரும்பொருள் செலவிட்டு எந்திரங்கள் செய்ய வேண்டிய பணியை, மீனவரும் உழவரும் தம் அனுபவ அறிவால் செய்துவந்தனர். நகர மக்கள் மலிவாக மீனும் கீரையும் உண்டனர். அவை எங்கிருந்து வந்தன என்பதை எண்ணியவர் சிலரே.

1960களில் ஹூக்ளியின் வண்டலைக் குழாய் வழியே கொணர்ந்து உப்பேரியின் வடபகுதி தூர்க்கப்பட்டு, அங்கே புதுநகர் எழுந்தது. எஞ்சிய பகுதியும் அவ்வாறே மறைந்திருக்கும். ஆனால் 1980களின் தொடக்கத்தில், மாநில அரசில் பணியாற்றிய துருவஜோதி கோஷ் என்னும் பொறியியலாளர், நகரின் கழிவுநீர் என்னவாகிறது என்று ஆராயப் புகுந்தார். கால்வாயைத் தொடர்ந்து சென்று, பேரிக்காரர்களிடமே பாடம் கேட்டு, அந்நிலத்தின் எல்லையை வரைபடமாக்கினார்.

அவ்வரைபடத்தின் தேவை விரைவிலேயே வந்தது. நீர்நிலத்துள் 227 ஏக்கர் பரப்பில் உலக வணிக மையம் ஒன்றை அமைக்கும் திட்டம் எழுந்தபோது, 'பப்ளிக்' என்னும் குடிமக்கள் அமைப்பு 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தை அணுகியது. நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி அவ்வாண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்தார். வளர்ச்சி வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழலுக்கும் இடையே ஒரு சமநிலை வேண்டும் என்றார். நீர்நிலத்தை வேறு பயனுக்கு மாற்றலாகாதென்று தடையும் விதித்தார். அரசின் ஊழியர் ஒருவர் வரைந்த படமே, அரசின் திட்டத்துக்கு எதிரான வழக்கில் எல்லைச் சான்றாக நின்றது என்பது நாம் கருதத்தக்கது.

ஈரானின் ராம்சர் நகரில் 1971இல் உருவான உடன்படிக்கையின் பட்டியலில், 2002இல் இந்நிலம் 12,500 ஹெக்டேர் பரப்புடன் சேர்க்கப்பட்டது. 2006இல் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. எனினும் ஆக்கிரமிப்பு அற்றுவிடவில்லை. நில விலை ஏற ஏற, மீன் வளர்ப்பதினும் மனை விற்பதே ஆதாயம் என்னும் ஆசையும் ஏறுகிறது. கால்வாய் தூர்ந்து கழிவுநீர் வரத்துக் குறைந்தால், வழக்கில் வென்ற நிலமும் தானே வறண்டுவிடும். தீர்ப்பு நிலத்தின் எல்லையைக் காக்கலாம். அங்கே உழைக்கும் மீனவனுக்குத் தொழிலில் வருவாய் இருந்தாலன்றி நிலத்தின் உயிர் நில்லாது.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பும் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பெரும்பகுதி வீடுகளும் அலுவலகங்களும் குப்பைமேடுமாக ஆகிவிட்ட பின்னர்! கல்கத்தாவில் கழிவு உணவாயிற்று. இங்கே கழிவே நிலத்தை விழுங்கிற்று. நம் ஊர்களின் ஏரியும் ஊருணியும் கழிமுகமும் இன்று எந்தப் பெயரில் ஏடுகளில் எழுதப்பட்டுள்ளன, அவற்றால் பிழைப்போர் யாவர், அவற்றின் எல்லையை அறிந்தோர் எவர் என்பதை அவ்வவ்வூர்ப் பெரியோரும் இளைஞரும் இப்போதே கேட்டறிந்து குறித்துவைப்பது நலம். வழக்கு வரும் நாளில் தேடினால் அச்சான்று கிட்டாது.