நாகப்பட்டினத்துப் பௌத்தச் செப்புத் திருமேனிகள்

சோழநாட்டின் பெருந்துறையாகிய நாகப்பட்டினத்தில் 1856 ஆம் ஆண்டு முதற்கொண்டு மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டவையும், பதினோராம் நூற்றாண்டு தொடங்கிப் பதினாறாம் நூற்றாண்டு வரை வார்க்கப்பட்டவையெனக் கருதப்படுபவையுமான 300க்கு மேற்பட்ட பௌத்தப் படிமங்கள் இப்பெயரால் வழங்கும். இவற்றுட் பல சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன; தொல்லியலறிஞர் டி. என். இராமச்சந்திரன் 1954 இல் இவற்றைப் பற்றி விரிவான நூலொன்று வெளியிட்டார்.

ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் இவ்வூரில் பௌத்த விகாரம் எடுப்பித்தபோது, சைவப் பேரன்பனாகிய முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக (பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் கொடையாக) அளித்த செய்தியை ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. நாகப்பட்டினத்தில் 1846 இல் பிரித்தானிய அதிகாரி வால்ட்டர் எலியட் கண்ட மூன்று நிலைச் செங்கற் கோபுரம், 1867 இல் இடித்துத் தள்ளப்பட்டது.

புத்தருக்கு உருவம் சமைத்த முந்தைய மரபுகளுள், காந்தாரச் சிற்பி யவன மரபைத் தழுவி ஆடையைக் கனத்த மடிப்புகளாகச் செதுக்கினான்; மதுராச் சிற்பி செம்மணற்கல்லில் வலத்தோள் திறந்த, பருத்த மேனியை அமைத்தான்; அமராவதிச் சிற்பி வெண்சுண்ணக்கல்லில் இடக்கரத்தினின்று தொங்கும் துறவாடையாகிய சீவரத்தின் தடித்த விளிம்பை வளைத்துக் காட்டினான். இம்மரபுகளுக்குப் பின்வந்த நாகப்பட்டினத்துக் கன்னானோ கல்லை விடுத்து மெழுகில் உருவமைத்து, அதன்மேல் மண்பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கும் தமிழ்நாட்டு முறையையே கைக்கொண்டான். சுருள்முடிக்கு மேலெழும் உச்சிப் புடைப்பாகிய உஷ்ணீஷம் இப்படிமங்களில் தீச்சுடர் வடிவம் பெறுகின்றது. இலங்கைப் படிமங்களிலும் காணப்படும் இவ்வடையாளம், இரு கரைகளுக்குமிடையே நிலவிய சமயத் தொடர்பைப் புலப்படுத்தும். நின்ற திருக்கோலத்தில் வலக்கை அபயம் காட்ட, மெல்லிய சீவரம் உடலோடு ஒட்டி, மேனியின் வடிவை மறைக்காமல் நிற்கும். பத்மபீடமும் சுடர்கள் சூழ்ந்த பிரபையும் சோழர்காலச் சைவ, வைணவத் திருமேனிகளின் சாயலையே தாங்கும்.

இப்போது நியூயார்க்கு நகரில் ஆசியச் சங்கத்தின் சேகரிப்பிலுள்ள நாகப்பட்டினத்துப் புத்தர் படிமமொன்றின் பீடத்தில், அதனைத் திருவிழாவில் எழுந்தருளச் செய்யும் ஆழ்வாராகக் குறிக்கும் தமிழ்ப் பொறிப்பு காணப்படுகின்றது. திருமாலடியார்க்கு உரியதாக இன்று நாம் அறிந்த அப்பெயரைப் புத்தருக்குச் சூட்டி, சிவபெருமானை வீதியுலாக் கொண்டு செல்லும் முறையிலேயே அவரையும் கொண்டு சென்ற ஒரு சமுதாயம் நாகப்பட்டினத்தில் வாழ்ந்தது. ஆதலின் இத்திருமேனிகளைக் கடல்கடந்து வந்த வணிகரின் உடைமையென ஒதுக்கிவிடாமல், தமிழ்ச் சிற்பக் கலையின் உரிமைச் செல்வமாகவே போற்றுதல் வேண்டும்.