பனியில் போட்ட எட்டு

1961 பிப்ரவரி 15. நியூயார்க்கிலிருந்து வந்த சபேனா 548 விமானம் பிரஸ்ஸல்ஸ் அருகே விழுந்தது. உள்ளே இருந்த 72 பேரில் ஒருத்தர்கூடப் பிழைக்கவில்லை. பிராகாவில் நடக்கவிருந்த உலக ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிக்குப் போன மொத்த அமெரிக்க அணியும் அதில்தான் இருந்தது. அந்த வருஷப் போட்டியே ரத்தானது.

வீரர்கள் மட்டுமில்லை, வாத்தியார்களும் போய்விட்டார்கள். மரிபெல் வின்சன் ஓவன் 1932 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். பயிற்சியாளராகி, டென்லி ஆல்பிரைட்டை 1956 தங்கம் வரை கொண்டுபோனவர். இரண்டு மகள்களோடு அதே விமானத்தில் இருந்தார். மென்பொருள் ஆட்கள் நாங்கள் ஒரு கணக்குப் போடுவோம்: எத்தனை பேர் நாளைக்கு வராமல் போனால் வேலை நின்றுபோகும்? இங்கே அத்தனை பேரும் ஒரே விமானத்தில் ஏறியிருந்தார்கள்.

எங்களுக்காவது எழுதிவைத்த நிரல் மிஞ்சும். ஸ்கேட்டிங்கில் அதுவும் கிடையாது. அன்றைக்கு மதிப்பெண்ணில் 60 சதவீதம் ‘கட்டாய வரைவு’களுக்கு. ஒற்றைக் காலில் பனித்தரையில் எட்டு போட வேண்டும். அதே தடத்தின் மேலேயே மறுபடி மறுபடி போக வேண்டும். நடுவர்கள் குனிந்து கோட்டைப் பார்ப்பார்கள். எவ்வளவு சாய்வது, எப்போது தோளைத் திருப்புவது என்பதைப் பக்கத்தில் நின்று ஒருத்தர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த ஒருத்தர் மிலானிலிருந்து வந்தார். கார்லோ ஃபாஸ்ஸி, 1953, 1954இல் ஐரோப்பிய சாம்பியன். விபத்தில் இறந்த எடி ஷோல்டன் சொல்லிக்கொடுத்துவந்த கொலராடோ ஸ்பிரிங்ஸ் அரங்கிலேயே வேலைக்குச் சேர்ந்தார். வரைவு கற்றுத்தருவதில் பேர்போனவர். பெக்கி ஃபிளெமிங்கின் பயிற்சியாளரும் அதே விபத்தில் இறந்திருந்தார். அப்போது அவளுக்கு வயது 12. பிற்பாடு ஃபாஸ்ஸியிடம் வந்து சேர்ந்தாள். 1968, கிரெனோபிள்: வரைவிலேயே பெரிய முன்னிலை எடுத்துத் தங்கம் வென்றாள். அந்தக் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது.

1976இல் அமெரிக்காவின் டோரதி ஹாமில், பிரிட்டனின் ஜான் கரி என்று பெண்கள், ஆண்கள் இரண்டு தங்கமும் ஃபாஸ்ஸியின் மாணவர்களுக்கே. 1980இல் ராபின் கசின்ஸ். வரைவு இடம்பெற்ற கடைசி உலகப் போட்டி 1990இல் நடந்தது. அதில் பெண்கள் பட்டத்தை வென்ற ஜில் டிரெனரியும் அவர் மாணவிதான்.

1997இல் லொசானில், உலகப் போட்டிக்கு மாணவியோடு வந்திருந்தபோது மாரடைப்பில் இறந்தார். பறிபோன ஒரு தலைமுறையை யாராலும் திருப்பித்தர முடியாது. ஃபாஸ்ஸியும் தரவில்லை. தனக்குத் தெரிந்ததை, தன் நாட்டுக்காரர்கள்கூட இல்லாத பிள்ளைகளின் கால்களில் ஏற்றிவிட்டார், அவ்வளவுதான். அந்த எட்டை இன்று ஒலிம்பிக்கில் யாரும் போடுவதில்லை. ஆனால் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு ஆள் இன்னமும் தேவைப்படுகிறார்.